தரையில் கிடந்த தோட்டா

எம்மெட் ஸ்ட்ரோலின் துப்பாக்கிக் கடைக் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அவசரத்தில் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்கள்.

"பாஸ், இந்த ஊர்ல திட்டறதுக்குக்கூட ஒழுங்கா படிச்சவன் கெடையாது போல," என்றாள் ட்ரூடி.

துப்பறிபவர் வெர்னன் டுடெக் காலணியில் ஒட்டிய பனியைப் படியில் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் கக்கத்தில் சமையலறைத் துண்டில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ட்ரூடி பின்னாலேயே போனாள். பழைய கார் விற்கும் கடையில் பத்து வருஷம் வாயால் பிழைத்தவள் அவள். வெர்னனிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் வாய் மட்டும் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை.

வழக்கு சிறியது, கசப்பானது. ஒஹையோ ஆற்றங்கரையில் ஸ்டீவன்ஸ் ஃபெரி என்ற அந்த ஊரில், பள்ளிக்கூடச் சமையற்காரி கொலீனை அவளை விட்டுப் பிரிந்த கணவன் ராண்டல் போன மாதம் சுட்டுக் கொன்றான். ஒரு திங்கட்கிழமை காலை, அவள் வீட்டுச் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். பிறகு ஆற்றோரம் வண்டியை நிறுத்தித் தன்னையும் சுட்டுக்கொண்டான். கொலீனின் கையில் துப்பாக்கி இருந்தது. அதிலிருந்து ஒரு குண்டும் வெளியேறவில்லை.

பயத்தில் விறைத்து நின்றுவிட்டாள் என்று மாவட்டக் காவல் தலைவர் ஷெரிஃப் ப்ளம்மர் வழக்குக் கோப்பை மூடினார். ஊரில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். மீதிப் பேர், எம்மெட் அவள் தலையில் உருப்படாத பழைய துப்பாக்கியைக் கட்டிவிட்டார் என்றார்கள். கொலீனின் அக்கா பெவ், ஷெரிஃப் திருப்பித் தந்த துப்பாக்கியை வெர்னனின் மேஜையில் வைத்து, "என் தங்கச்சி பயப்படல. இதுதான் சுடல. அத நிரூபிச்சுக் குடுங்க," என்றாள். இப்போது அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. எழுபதைத் தாண்டிய எம்மெட் கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் என்ன திட்டத்தான் வந்தியா, வெர்னன்?"

"கேக்க வந்தேன். கொலீன் இத எப்படித் தேர்ந்தெடுத்தா?"

எம்மெட் துண்டைப் பிரித்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி நின்றது. தோட்டா எதுவும் இல்லையென்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு கீழே வைத்தார்.

"மொதல்ல சின்னதா ஒண்ணு கேட்டா. கைப்பையில போடற மாதிரி, ரோஸ் கலர்ல. நான் அத எடுத்துக்கூடக் காட்டல. சின்னது கையில குதிக்கும்மா, நாலு தடவ சுட்டா மணிக்கட்டு வலிக்கும், அப்புறம் பழகவே வரமாட்டேன்னேன். வீட்டுல வெச்சுக்கத்தான? முழு அளவுல வாங்கு. எடை இருந்தா உதறல் கொறையும். சுண்டுவிரல் வரைக்கும் பிடியில உக்காரணும். குழல் நீளமா இருந்தா குறி பாக்கறதும் சுலபம்."

"விலையும் நீளமா இருக்குமே," என்றாள் ட்ரூடி.

"அவகிட்ட ஐந்நூறு டாலர்தான் இருந்துது. புதுசா பேர் போனது வாங்கினா தோட்டா வாங்கக் காசு மிஞ்சாது. பக்கத்து மாவட்டப் போலீஸ் பழச எல்லாம் கழிச்சு வித்தாங்க. உறையில உரசி உரசி வெளிய வெளுத்திருக்கும், உள்ள தேய்மானமே இருக்காது. போலீஸ்காரன் வருஷம் பூரா இடுப்புல சுமப்பான், சுடறது எப்பவாவது. நல்ல மாடல். உதிரி பாகம் எந்த ஊர்லயும் கெடைக்கும். மூணு துப்பாக்கிய வெச்சு சுடச் சொன்னேன். இது கையில ஒத்துப்போச்சு. மிச்சக் காசுக்கு தோட்டா வாங்கினா. ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னால வந்து பழகினா."

"நானும் இப்படித்தான் விப்பேன். ஒரு டீச்சரம்மா சர்ச்சுக்கு மட்டும் ஓட்டுன வண்டின்னு."

"நீ பொய் சொன்ன. நான் சொல்லல."

ட்ரூடி வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வமாக நடப்பது.

"கடைசி சனிக்கிழமையும் சுட்டாளா?" என்று வெர்னன் கேட்டார்.

"சுட்டா. ஒண்ணுகூட தவறல. துப்பாக்கியும் ஒரு தடவகூட மக்கர் பண்ணல."

வெர்னன் பேழையின் மேல் சாய்ந்தார். "எம்மெட், சமையலறைத் தரையில ஒரு தோட்டா கெடந்தது. சுடாத தோட்டா. முழுசா. ஸ்டவ்வு பக்கத்துல, அவளுக்கு வலது கைப் பக்கம். பதட்டத்துல எதையோ இழுத்துத் தடுமாறி அது வெளிய விழுந்துடுச்சுன்னு ஷெரிஃப் சொல்றார். அந்தத் தோட்டாவோட பின்பக்கத்துல ஒரு கீறல்கூட இல்ல. அதனால அவ விசையத் தொடவே இல்லைன்னு முடிவு பண்ணிட்டார்."

எம்மெட்டின் முகத்தில் நிறம் மாறியது.

"வலது பக்கமா?"

"ஆமா."

"அது தடுமாற்றம் இல்ல." அவர் குரல் மெல்லியதாக வந்தது. "நான் சொல்லிக் குடுத்தது. விசைய இழுக்கற, வெடிக்கல, வெறும் சத்தம் வருது. நின்னு யோசிக்காதே. அடியில தட்டு, மேல் பாகத்தப் பின்னால இழுத்து விடு, கெட்ட தோட்டா வலது பக்கமா வெளிய விழும், அடுத்தது உள்ள போகும், திரும்ப இழு. அதத்தான் செஞ்சிருக்கா. மொதல் தடவ இழுத்திருக்கா, வெடிக்கல. ரெண்டாவது தடவையும் இழுத்திருக்கா."

ட்ரூடி அந்தச் சமையலறையைப் போய்ப் பார்த்திருந்தாள். கதவுக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவில் ஒரு மேஜை போடுகிற இடம்தான். அந்த இடத்தில் நின்று அவ்வளவையும் செய்திருக்கிறாள்.

பிறகு எம்மெட்டுக்கு மீதி உறைத்தது. "அப்படின்னா என் துப்பாக்கி..."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். காலித் துப்பாக்கியின் மேல் பாகத்தை இழுத்து விட்டார். குழல் மேல் நோக்கியிருக்க, பென்சிலை ரப்பர் பக்கம் உள்ளே போகும்படி குழலுக்குள் நழுவவிட்டார்.

"உள்ள இருக்கற ஊசி தோட்டாவோட பின்பக்கத்தக் குத்தினாத்தான் வெடிக்கும். ஊசி நல்லா இருந்தா இந்தப் பென்சில் கூரைக்குப் பறக்கும்."

விசையை இழுத்தார். சத்தம் மட்டும் வந்தது. பென்சில் அசையவில்லை. மறுபடியும் செய்தார். பென்சில் அப்படியே இருந்தது.

எம்மெட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கதவுல எழுதினவன் சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார்.

"உள்ள பாரு," என்றார் வெர்னன்.

"எதுக்கு?"

"சனிக்கிழமை நல்லா இருந்தது திங்கக்கிழமை செத்திருக்கு. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு. பாரு."

கிழவர் பழக்கத்தின் வேகத்தில் துப்பாக்கியைப் பிரித்து, ஊசியை வெளியே எடுத்து விளக்கடியில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து வேறொரு பழைய ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது தானா உடைஞ்சது. முனையப் பாருங்க, சொரசொரன்னு சக்கரை மாதிரி இருக்கும். இத பாருங்க."

கொலீனின் ஊசியில் முனையே இல்லை. முனை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று, ஒரு முத்தைப் போல உருண்டு மின்னியது.

"தேய்ச்சு ராவியிருக்காங்க," என்றார் எம்மெட். "ராவினதோட விடல, மெருகு போட்டிருக்காங்க. துப்பாக்கி வேல தெரிஞ்சவன் இத பண்ணமாட்டான். கெடுக்கறதுக்கு எதுக்கு மெருகு?"

"ராண்டல்," என்றாள் ட்ரூடி உடனே. "ஞாயித்துக்கிழமை திருட்டுத்தனமா வந்து..."

"ராண்டல் உடம்புல என்ன இருந்தது?" என்று வெர்னன் கேட்டார்.

ட்ரூடி யோசித்தாள். ஷெரிஃப் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆற்றோரம் வண்டியில் கிடந்தவன் சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டிருந்தான்.

"சுடாதுன்னு தெரிஞ்சவன் கவசம் மாட்டிக்கிட்டு வருவானா?"

"சரி பாஸ், வரமாட்டான். அப்போ யாரு?"

வெர்னன் நாக்கின் நுனியால் மேல்வரிசையில் எதையோ தடவினார். போன கோடையில் கட்டிய பொய்ப்பல் அங்கே இருந்தது. ட்ரூடி அதைப் பார்த்தாள். பிறகு விளக்கடியில் மின்னிய ஊசியைப் பார்த்தாள்.

"இந்த மாவட்டம் முழுக்க பொய்ப்பல் செஞ்சு குடுக்கறது பெவ் ஒருத்திதானே," என்றாள்.

"வண்டிய எடு," என்றார் வெர்னன்.

*

பெவ்வின் பட்டறை பல் மருத்துவரின் மருத்துவமனைக்குப் பின்னால் ஒற்றை அறை. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். பெவ் சுழலும் சக்கரத்தில் ஒரு பல்வரிசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும், அகன்ற தோள்கள் கொண்ட பெண். அவர்களைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"உங்க தங்கச்சி பயப்படல," என்றார் வெர்னன். "ரெண்டு தடவ விசைய இழுத்திருக்கா. தரையில கெடந்த தோட்டாதான் சாட்சி."

பெவ்வின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. "எனக்குத் தெரியும். நான் சொன்னேனே."

"சொன்னீங்க. ஊர்ல வேற யாரும் அவ்வளவு நிச்சயமா சொல்லல."

ஊசியை அவள் முன்னால் வைத்தார். சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. பெவ் அதை நிறுத்தினாள். அது முழுதாக அடங்கக் காத்திருந்தாள்.

"கைப்பழக்கம்," என்றாள் கடைசியில். "சொரசொரன்னு எதையும் விட்டு எனக்குப் பழக்கமில்ல. வாயக் கிழிச்சுடுமே."

ட்ரூடி ஒரு முக்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் தள்ளினாள். பெவ் உட்காரவில்லை.

"போன குளிர்காலத்துல கொலீன் மாத்திரைய அள்ளி முழுங்கினா. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அது ஊருக்குத் தெரியாது. அப்புறம் ராண்டல் ஜெயில்லேர்ந்து வெளிய வந்தான், இவ துப்பாக்கி வாங்கினா. வீட்டுல துப்பாக்கி இருக்கறத நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. அவளுக்கு அது புரிஞ்சுது. துப்பாக்கி வெச்சிருந்த பெட்டிக்கு ரெண்டு சாவி. ஒண்ண என் கையில குடுத்து, 'அக்கா, உனக்கு எப்ப பயமா இருந்தாலும் எடுத்து வெச்சுக்கோ, நான் ஏன்னு கேக்கமாட்டேன்'னா."

"எடுத்து வெச்சிருக்கலாமே," என்றாள் ட்ரூடி.

"எடுத்தா வேற ஏதாவது வழி தேடுவாளோன்னு பயம். அது அவகிட்டயே இருக்கட்டும், ஆனா வேல செய்ய வேணாம்னு நெனச்சேன். அந்த ஞாயித்துக்கிழமை, போட்டுக்கற கோட்ட பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டா. நல்ல கம்பளிக் கோட்டு. பூனையையும் குடுத்துட்டா. அந்தப் பூனைய அவ மடியிலேர்ந்து எறக்கவே மாட்டா. சாகப்போறவங்க இப்படித்தான் எல்லாத்தையும் குடுப்பாங்கன்னு ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. அவ குளிக்கப் போனதும் இங்க எடுத்துட்டு வந்தேன். வேல முடிஞ்சதும் பென்சில் போட்டுப் பாத்தேன், அசையல; அவளுக்குத் தெரியாம திரும்பப் பெட்டியில வெச்சுட்டேன். துப்பாக்கியப் பிரிக்கறதும் பென்சில் வித்தையும் அவதான் சொல்லிக் குடுத்தா, விளையாட்டா."

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு எங்கள எதுக்கு வேலைக்கு வெச்சீங்க?" என்று வெர்னன் கேட்டார்.

"அவ பயந்து செத்தாள்னு கடைக்குக் கடை பேசறாங்க, மிஸ்டர் டுடெக். துப்பாக்கி சுடலன்னு வெளிய வந்தா போதும்னு இருந்தது. ஏன் சுடலன்னு வரவேணாம். ஊசி உடைஞ்சிருக்குன்னு நீங்க எழுதிடுவீங்கன்னு நெனச்சேன்."

"எம்மெட்டோட கதி?" என்று ட்ரூடி கேட்டாள். அவளுக்கே தெரியாமல் குரல் கூர்மையாகியிருந்தது.

"வயசானவர். கடைய மூடிட்டு மக வீட்டுக்குப் போயிடுவார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." பெவ் முதல்முறையாக ட்ரூடியை நேராகப் பார்த்தாள். "அவர் கதவ தெனமும் தாண்டித்தான் வேலைக்கு வர்றேன்."

வெர்னன் ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஷெரிஃப் கிட்ட நான் சொல்லணும்."

"சொல்லுங்க. ஆனா ஊருக்கு நான் சொல்லிக்கறேன். வெள்ளிக்கிழமை ராணுவத்தார் மன்றத்து மீன் விருந்துல ஊர்ல எல்லாரும் இருப்பாங்க."

*

ஷெரிஃப் ப்ளம்மர் கேட்டுவிட்டுக் கையை விரித்தார். சாவி தங்கையே கொடுத்தது, கெட்ட எண்ணம் கிடையாது, அரசு வழக்கறிஞர் இதைத் தொடவே மாட்டார் என்றார். கோப்பில் ஒரு வரியைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டார். அதற்கே அவர் முகம் சுளித்தது.

எம்மெட்டிடம் சொல்லப் போனார்கள். கிழவர் கடையின் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சாயம் போகவில்லை. வெர்னன் சொன்ன எல்லாவற்றையும் சுரண்டிக்கொண்டே கேட்டார். கோட்டும் பூனையும் வந்த இடத்தில் கை நின்றது.

"சாகறதுக்கா?" என்றார். "அரிசோனாவுக்குப் போறதுக்கு."

"என்ன?"

"அங்க ஒரு பள்ளிக்கூடத்துல வேல கெடச்சிருந்தது. மாசக் கடைசியில கெளம்பறதா இருந்தா. தங்கப்போற எடத்துல பூனை கூடாதாம். அந்த ஊர் வெயில்ல கம்பளிக் கோட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்ணன்னு சிரிச்சா. துப்பாக்கிய அங்க எடுத்துட்டுப் போலாமான்னு அந்தச் சனிக்கிழமைதான் கேட்டா. ராண்டல் காதுக்குப் போயிடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. அக்கா அழுவா, அவகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னா."

ட்ரூடி வெர்னனைப் பார்த்தாள். அவர் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்கட்டிகள் மெதுவாக மிதந்து போயின.

"எம்மெட்," என்றார் திரும்பாமலே. "வெள்ளிக்கிழமை உன் பேர் சுத்தமாயிடும். அரிசோனாவ மட்டும் பெவ்கிட்ட சொல்லாம விட்டுடு."

"ஏன் விடணும்? தெனமும் இந்தக் கதவ பாத்துக்கிட்டே போயிருக்கா. வாயத் தெறந்தாளா?"

"இல்ல."

"அப்போ தெரிஞ்சுக்கட்டும்."

எம்மெட் மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

*

முன்னாள் ராணுவத்தார் மன்றத்தில் வெள்ளிக்கிழமை மாலை நிற்க இடமில்லை. வறுத்த மீன் மணமும் ஈரக் கோட்டுகளின் மணமும் கலந்திருந்தன. எம்மெட் சுவரோரத்து மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தன.

பெவ் காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் பேசப் பேச ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்றாள். அதைக் கெடுத்தது தான் என்றாள். தங்கை கோட்டையும் பூனையையும் கொடுத்துவிட்டதைப் பார்த்து, சாக முடிவு செய்துவிட்டாள் என்று பயந்து செய்ததாகச் சொன்னாள்.

எம்மெட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ட்ரூடியின் பக்கத்தில் வெர்னனின் உடம்பு இறுகுவது அவளுக்குத் தெரிந்தது.

கிழவர் பெவ்வை வெகுநேரம் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. பிறகு ஷெரிஃபின் மேஜைப் பக்கம் திரும்பினார்.

"கொலீன் ரெண்டு தடவ விசைய இழுத்தா," என்றார். "நான் சொல்லிக் குடுத்தபடியே, ஒண்ணு விடாம செஞ்சா. இனிமே எவனாவது அவ பயந்து நின்னாள்னு சொன்னா, என் கடையில வந்து சொல்லட்டும்."

உட்கார்ந்து மீனைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஷெரிஃப் கோஸ் சாலட்டை ஒதுக்கி ஒதுக்கிக் கிளறினார். ஒரு பெண் பெவ்வின் முழங்கையைத் தொட்டாள். வேறொருத்தி தன் பிள்ளைகளை மறு பக்கம் நகர்த்தி உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ கெச்சப் கேட்டார்கள். பேச்சு பழையபடி எழுந்தது.

பெவ் வெளியே நடந்தாள். வெர்னன் ட்ரூடியைப் பார்த்துக் கதவுப் பக்கம் தலையசைத்தார்.

வண்டியின் முன் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. அது உருகட்டுமென்று ட்ரூடியும் பெவ்வும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒருத்தர்கூட திட்டலையே," என்றாள் பெவ். "நீயாவது திட்டேன். உனக்குத்தான் நல்லா வாய் இருக்கே."

ட்ரூடி சூடேற்றி விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் பெவ், உறைந்த கண்ணாடியைப் பார்த்தபடி. "கோட்டு, பூனை. அவ முடிவு பண்ணிட்டிருந்தா, இல்ல? நான் பண்ணினது தப்பு. ஆனா நான் பாத்தது தப்பில்லையே?"

கண்ணாடியில் சிறிய வட்டமாகப் பனி உருகத் தொடங்கியது. அதன் வழியாக மன்றத்தின் வாசல் விளக்கு தெரிந்தது. எம்மெட் தொப்பியை அணிந்துகொண்டு படியிறங்கி, இவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, திரும்பி வேறு பக்கம் நடந்தார்.

"தப்பில்ல," என்றாள் ட்ரூடி.

பெவ் தலையசைத்தாள். பல தடவை அசைத்தாள். ட்ரூடி வண்டியைக் கிளப்பினாள். பெவ்வின் வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, தன் வீட்டை நோக்கி ஓட்டினாள். எங்கே போகிறோம் என்று பெவ் கேட்கவில்லை.